கொண்டை ஊசியும் ஏழைகளின் ஊட்டியும்

(கொண்டப்பநாயக்கன்பட்டியில் சிறப்புக் குழந்தைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



தறியை நிறுத்திவிட்டும் கடையை அடைத்துவிட்டும் வந்திருக்கிறீர்கள். பலர் பிள்ளையையும் கையோடு அழைத்து வந்திருக்கிறீர்கள். பேச்சின் நடுவே ஒரு பிள்ளை எழுந்து ஓடினாலோ சத்தம் போட்டாலோ யாரும் சங்கடப்பட்டு வெளியே போக வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்காகக் கூட்டிய கூட்டம்தான் இது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, பேச்சும் மொழியும் தாமதமாக வரும் பிள்ளைக்கு உவமையையும் மரபுத்தொடரையும் கிண்டலையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் இன்றைய பொருள். "எம்புள்ளை தண்ணி வேணும்னு வாயைத் திறந்து கேட்டாப் போதுங்க, உவமை எதுக்குங்க அவனுக்கு?" என்று உங்களில் ஒரு தாய் மனதுக்குள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலை உங்கள் வீட்டுக் காலைப்பொழுதிலிருந்தே எடுக்கிறேன்.

பிள்ளையை எழுப்பும்போது "எந்திரி கண்ணு" என்கிறோம். "வா சாமி" என்கிறோம். கண் என்பது முகத்தில் இருப்பது, சாமி என்பது கோயிலில் இருப்பது என்று படித்த பிள்ளைக்கு முதல் குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது. அப்புறம் "வயித்துல எலி ஓடுதா?", "எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்குது", "கால்ல சுடுதண்ணிய ஊத்திக்கிட்டு நிக்காதே". பிள்ளை சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்க்கிறான். அம்மாவின் தலைக்கு மேலே அண்ணாந்து பார்க்கிறான். சுடுதண்ணீர் என்றதும் நாலடி பின்னால் போகிறான். நாம் அவனை அதட்டுகிறோம். அவன் செய்ததில் என்ன தப்பு? சொன்னதைக் கேட்டான், சொன்னபடி பார்த்தான்.

இன்னொன்று பாருங்கள். வெளியிலிருந்து வந்த பிள்ளையிடம் "கால் கழுவிட்டு உள்ள வா" என்கிறோம். கழிப்பறைக்குள் இருக்கும் பிள்ளையிடமும் "கால் கழுவிட்டு வா" என்கிறோம். இடக்கரடக்கல் என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். பாடநூலில் கொடுக்கும் எடுத்துக்காட்டே இதுதான். சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளை கழிப்பறையிலிருந்து பாதத்தை மட்டும் நனைத்துக்கொண்டு வருவான். "எத்தனை வருசமாச் சொல்லிக்கொடுக்கறேன், இன்னும் பழக்கம் வரலை" என்று வருந்துவோம். அவனிடம் நாம் சொன்ன வேலையை அவன் ஒருநாளும் விட்டதில்லை.

ஆகவே இது செய்யுள் பகுதிக்கான சங்கதி மட்டும் அல்ல. எலி இல்லாமலும் சுடுதண்ணீர் இல்லாமலும் நம்மால் ஒரு காலைப்பொழுதைக்கூடப் பேசிக் கடக்க முடியாது. நாம் பேசும் தமிழுக்குள் பிள்ளை வாழ வேண்டுமானால் இதற்குள்ளும் அவனுக்கு வழி காட்டியாக வேண்டும்.

சொல்லை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்பவரைப் பார்த்துச் சிரிப்பது நமக்குப் பழகிப்போனது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையை எல்லோரும் படித்திருப்பீர்கள். எதெது விழுந்தால் எடுக்க வேண்டும் என்று குரு பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். பிறகு குருவே குதிரையிலிருந்து பள்ளத்தில் விழுகிறார். பட்டியலில் குருவின் பெயர் இல்லை என்று சீடர்கள் அவரைத் தூக்காமல் நிற்கிறார்கள். கதையைக் கேட்டு வகுப்பே சிரிக்கும். அதே வகுப்பின் மூலையில் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் அந்தப் பிள்ளையைப் பார்த்தும் வகுப்பு சிரிக்கும். ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குப் பிடித்தது வேறொரு கதை. நாவல் மரத்தின் கீழே ஔவை, மரத்தின் மேலே சிறுவன் வடிவில் முருகன். சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்கிறான். பழம் எப்படிச் சுடும் என்று ஔவைக்கே விளங்கவில்லை. அவ்வளவு பெரிய புலவர் நேர்ப்பொருளில்தான் எடுத்துக்கொண்டார். முருகன் உடனே விளக்கம் சொல்லவில்லை. கிளையை உலுக்கினான், பழம் மண்ணில் விழுந்தது, ஒட்டிய மண்ணை ஔவை ஊதினார், அதற்கப்புறம்தான் "பழம் சுடுகிறதா பாட்டி?" என்று கேட்டான். முதலில் பொருள், அடுத்து செயல், கடைசியில் சொல். சிறப்பாசிரியர்களுக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் எனக்குத் தெரியாது.

இப்போது நாம் இருக்கும் ஊருக்கு வருவோம். கொண்டப்பநாயக்கன்பட்டி சேர்வராயன் மலையடிவாரம். இங்கே வளரும் பிள்ளைகளுக்கு ஏற்காடு போகிற பாதை தெரியும். மேலே போவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. ஊசி என்றாலே ஆஸ்பத்திரியில் போடும் ஊசிதான் ஞாபகம் வருகிற பிள்ளைக்கு அந்தப் பலகையை வாசித்துக் காட்டினால் பஸ்ஸில் அழுகைதான். அந்தப் பிள்ளைக்கு அந்தச் சொல்லை எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

பாட்டி கொண்டையில் குத்துகிற கறுப்புக் கம்பி ஊசி ஒன்றை மேசைமேல் வையுங்கள். பிளாஸ்டிக் கிளிப் வேண்டாம். இரண்டு காலும் ஒரு வளைவுமாக இருக்கும் பழைய ஊசியே வேண்டும். பாட்டி அதைத் தலையில் செருகுவதைப் பிள்ளை முதலில் பார்க்கட்டும். பிறகு ஊசியின் ஒரு காலில் விரலை வைத்து, மேலே போய், வளைந்து, மறு காலில் கீழே வரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தரம். பிறகு தரையில் சாக்பீஸால் மலைப்பாதையை வரைந்து, பொம்மை பஸ்ஸைக் கையில் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். வளைவு வந்ததும் நிறுத்தி, அந்த வளைவின்மேலேயே ஊசியை வையுங்கள். "இது எது மாதிரி இருக்கு?" என்று ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் நமக்குக் கஷ்டம். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் வராவிட்டால் விரலைப் பிடித்து ஊசியின்மேலும் அடுத்து ரோட்டின்மேலும் ஓட்டிக் காட்டுங்கள்.

இத்தோடு நிறுத்திவிடக் கூடாது. பலரும் விட்டுவிடும் பாதி இனிமேல்தான் இருக்கிறது. "ரோட்டைத் தலையில குத்த முடியுமா?" "முடியாது." "ரோடு கையைக் குத்துமா?" "குத்தாது." "அப்ப எது ஒண்ணா இருக்கு?" "வளைவு." எது பொருந்துகிறது என்பதோடு எது பொருந்தவில்லை என்பதையும் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும், பேச்சு வராத பிள்ளை படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். பொருந்தாததைத் தள்ளிவிட்ட பிறகுதான் ஊசிப் பயம் போகும். அதற்குப் பிறகு "ரோடு ஊசி மாதிரி வளைஞ்சிருக்கு" என்று சொல்லுங்கள். அது நன்றாகப் பதிந்த பின்னால், வேறொரு நாள், 'மாதிரி'யை எடுத்துவிட்டு "கொண்டை ஊசி வளைவு" என்று சொல்லுங்கள்.

'மாதிரி' இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவே இருக்கிற தூரத்தை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் பிரான்செஸ்கா ஹாப்பே 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களில் பிறர் மனதில் இருப்பதை ஊகிக்கச் சிரமப்பட்டவர்களும் உவமையைப் புரிந்துகொண்டார்கள். உருவகத்தில் தடுமாறினார்கள். கிண்டல் அதைவிடக் கடினமாக இருந்தது. உவமையில் 'போல' என்ற உருபு நின்று, இது ஒப்புமை என்று அறிவித்துவிடுகிறது. உருவகத்தில் அந்த அறிவிப்பு இல்லை. தொல்காப்பியம் 36 உவம உருபுகளை அடுக்குகிறது. நம் பிள்ளைக்கு 'மாதிரி' ஒன்று போதும், ஆனால் அதை அவசரப்பட்டுப் பிடுங்கிவிடக் கூடாது.

ஹாப்பேயின் முடிவோடு விஷயம் நின்றுவிடவில்லை. 2005இல் கோர்ட்னி நார்பரி பிரிட்டிஷ் பிள்ளைகளைச் சோதித்தபோது, பிறர் மனதை ஊகிக்கும் திறனைவிடச் சொற்பொருள் அறிவுதான் உருவகத்தைப் புரிந்துகொள்ள அதிகம் கைகொடுத்தது என்று கண்டார். 2018இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வும் இதையே உறுதிசெய்தது. மொழித்திறன் சமமாக உள்ள பிள்ளைகளை ஒப்பிட்டால், ஆட்டிசம் இருப்பதால் வரும் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பெற்றோருக்கு இதைவிடப் பெரிய செய்தி இருக்க முடியாது. 'இவனுக்கு மூளையிலேயே அந்த வழி இல்லை' என்று கைவிட வேண்டியதில்லை. சொல்லைக் கூட்டு, சொல்லுக்குள் இருக்கும் பொருளைக் காட்டு, வழி திறக்கும்.

திறந்திருக்கிறது. இஸ்ரேலில் நிரா மஷாலும் அனாட் கஸிரரும் 2011இல் பிள்ளைகளுக்குச் சிந்தனை வரைபடங்களைக் கொண்டு உருவகம் கற்பித்தார்கள். ஒரு சொல்லை நடுவில் எழுதி, அதன் தன்மைகளைச் சுற்றிலும் எழுதி, எது எதோடு சேர்கிறது என்று கோடு போடும் முறை. பிள்ளைகளின் புரிதல் கூடியது. அமெரிக்காவில் 2012இல் வந்த ஓர் ஆய்வில் ஆட்டிசம் உள்ள 3 பிள்ளைகளுக்கு, ஒரு பொருளின் தன்மைகளைச் சொல்லவைத்து, கதையோடு பொருந்தும் தன்மையைத் தேடப் பழக்கினார்கள். பழக்காத புதிய உருவகங்களையும் அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே புரிந்துகொண்டார்கள். மூன்றே பிள்ளைகள்தான், பெரிய ஆய்வு அல்ல. ஆனாலும் மனப்பாடம் இல்லாமல் வழியைக் கற்றார்கள் என்பது முக்கியம்.

இந்த ஆய்வுகளைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பியத்தின் உவமவியல்தான் நினைவில் வந்தது. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்கு நான்கு அடிப்படைகளைத் தொல்காப்பியர் சொல்கிறார்: வினை, பயன், மெய், உரு. மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம். தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துபோன இந்த நான்கையும் நான்கு கேள்விகளாக மாற்றிப் பாருங்கள். என்ன செய்யுது? அதனால என்ன கிடைக்குது? எப்படி வளைஞ்சிருக்கு, உருண்டிருக்கு? என்ன நிறம்? இஸ்ரேலில் வரைபடமாகப் போட்டதை நாம் நான்கு கட்டமாகப் போடலாம்.

வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கண்ணால் பார்க்கும் நிறமும் வடிவமும் முதலில். சேகோ ஆலையிலிருந்து வரும் ஜவ்வரிசியையும் ஒரு முத்து மாலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறமும் சேர்கிறது, உருண்டையும் சேர்கிறது. அடுத்தது வினை. தறி ஓடும்போது நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓயாமல் ஓடுவதை நிற்கவைத்துக் காட்டுங்கள். அன்று மாலை அண்ணன் வாசலுக்கும் சமையலறைக்கும் நடையாய் நடக்கும்போது "அண்ணன் தறி நாடா மாதிரி போறான் பாரு" என்று சொல்லுங்கள். நாடா மரம், அண்ணன் மனுசன், போக்குவரத்துதான் ஒன்று.

பயன்தான் கடைசி, அதுதான் கடினம். அதே ஏற்காட்டுக்கு இன்னொரு பெயர் இருக்கிறது, ஏழைகளின் ஊட்டி. இதில் பார்க்க ஒன்றும் இல்லை, தொட ஒன்றும் இல்லை. ஊட்டி வேறு ஊர், ஏற்காடு வேறு ஊர் என்று பிள்ளை சாதிப்பான், சரியாகத்தான் சாதிப்பான். ஊட்டிக்குப் போனால் என்ன கிடைக்கும்? குளிர் கிடைக்கும், மலை கிடைக்கும், படகு கிடைக்கும். செலவு அதிகம் ஆகும். ஏற்காட்டுக்குப் போனால்? குளிர் கிடைக்கும், மலை கிடைக்கும், படகு கிடைக்கும். செலவு கம்மி. பணத்தின் மதிப்பு தெரியாத பிள்ளைக்கு இது விளங்காது. அவனுக்கு முதலில் கடையில் காசு கொடுத்து வாங்கக் கற்றுக்கொடுங்கள், பெயர் பிறகு வரட்டும். ஒரே மலையின்மேல் இரண்டு உருவகங்கள். ஒன்றை ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுக்கலாம், மற்றொன்றுக்கு வருடங்கள் பிடிக்கலாம்.

மனசு உடைந்தது, வயிறு எரிகிறது என்று உள்ளே நடப்பதைச் சொல்லும் தொடர்கள் அதற்கும் அப்பால். இங்கே டெம்பிள் கிராண்டினின் வாழ்க்கை நமக்கு உதவும். ஆட்டிசம் உள்ள அவர் கால்நடை அறிவியலில் பெயர்பெற்ற பேராசிரியர். தன் சிந்தனை முழுக்கப் படங்களாகவே ஓடும் என்று 1995இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். பள்ளி முடிந்து அடுத்த கட்டத்துக்குப் போவது என்ற கண்ணுக்குத் தெரியாத விஷயத்தை, உண்மையான ஒரு கதவைத் திறந்து அப்பால் போய்ப் பார்த்துத்தான் அவர் பழகிக்கொண்டார். உருவகம் அவருக்கு அலங்காரமாக இல்லை, வாழ்க்கையின் மாற்றத்தைத் தாங்க அது தேவைப்பட்டது.

இந்த இடத்தில் பாடநூலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. உவமைத்தொடர்களை ஒரு பக்கம், பொருளை மறு பக்கம் எழுதிப் பொருத்தச் சொல்கிறோம். விழலுக்கு இறைத்த நீர் என்றால் வீண் என்று பிள்ளை எழுதிவிடுகிறான். விழல் ஒரு புல் என்பது அவனுக்கும் தெரியாது, பல நேரம் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் தெரியாது. பசுமரத்தாணி என்றால் ஆழப் பதிதல் என்று எழுதுகிறான். காய்ந்த கட்டையில் ஆணி அடித்தால் எப்படி மல்லுக்கட்டும், வெட்டிய பச்சை முருங்கைக் கட்டையில் எப்படிச் சுலபமாக இறங்கும் என்று அவன் கையாலேயே அடித்துப் பார்த்திருந்தால் அந்தத் தொடர் அவனுக்குச் சொந்தமாகியிருக்கும். பத்துத் தொடரை ஒப்பிப்பதைவிட ஒன்றை அடித்துப் பார்ப்பது மேல்.

பிள்ளைகளும் தங்களுக்கென்று உருவகம் செய்கிறார்கள். நாம்தான் கவனிப்பதில்லை. ஆட்டிசத்தைப் பற்றி ஆரம்பத்திலேயே விரிவாக எழுதிய லியோ கானர், பால்டிமோரில் தான் பார்த்த 11 பிள்ளைகளைப் பற்றி 1943இல் எழுதினார். அவர்களில் பால் என்ற சிறுவன் பாத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் "பீட்டர் ஈட்டர்" என்பான். யாருக்கும் பொருள் விளங்கவில்லை. தாய் சொன்ன பிறகுதான் தெரிந்தது: அவனுக்கு 2 வயதாக இருக்கையில் அவர் பீட்டரைப் பற்றிய குழந்தைப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே சமையல் செய்தபோது கையிலிருந்த பாத்திரம் தவறி விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து பாத்திரத்துக்கு அதுதான் பெயர். 1946இல் கானர் இதற்காகவே தனிக் கட்டுரை எழுதினார். பிதற்றல் என்று மற்றவர்கள் ஒதுக்கியதை அவர் உருவகம் என்று அழைத்தார். கஸிரரும் மஷாலும் 2014இல் இன்னொரு படி போனார்கள். புதிய உருவகங்களை உருவாக்கச் சொன்னபோது, ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் புதுமையானவற்றை அதிகமாகச் சொன்னார்கள்.

ஆகவே வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். உங்கள் பிள்ளை சம்பந்தமில்லாமல் சொல்வதாகத் தோன்றும் சொற்களைத் தேதியோடு எழுதுங்கள். எப்போது சொன்னான், பக்கத்தில் என்ன இருந்தது, முன்பு அது எங்கே நடந்தது. மிக்ஸி போட்டதும் "தீபாவளி" என்று காதைப் பொத்துகிற பிள்ளை உவமை சொல்லிவிட்டான். "ஆமா சாமி, வெடி மாதிரி சத்தம்" என்று நீங்கள் பதில் சொன்னால் அவனுடைய உவமைக்கு 'மாதிரி' சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள். இது அவனிடமிருந்தே ஆரம்பிக்கும் பாடம்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். சில இடங்களில் உவமையும், கசப்பானதை நல்ல சொல்லால் மறைத்துச் சொல்லும் மங்கலமும் அறவே வேண்டாம். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் "தாத்தா தூங்கறாரு", "சாமிகிட்டப் போயிட்டாரு" என்று சொல்வது நம் வழக்கம். தூங்கிய தாத்தாவைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த பிள்ளை, அன்றிரவு தூங்க மறுத்தால் அது பிடிவாதம் அல்ல. "தாத்தா செத்துட்டாரு. இனிமே மூச்சு விடமாட்டாரு, திரும்பி வரமாட்டாரு. நமக்கு அழுகை வருது" என்று சொல்லுங்கள். சொல்லும்போது நம் வாய் கூசும். கூசினாலும் சொல்ல வேண்டும்.

உடம்பின் உறுப்புகளுக்கும் இதே நியாயம்தான். அவற்றுக்குச் செல்லப்பெயர் வைத்தும், 'அங்க', 'கீழ' என்று மழுப்பியும் பழக்கிய பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்துகொண்டால், நடந்ததைச் சொல்ல அந்தப் பிள்ளையிடம் சொல்லே இருக்காது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கப் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. சட்டத்தின் முன் பிள்ளை வாய் திறக்க வேண்டுமானால் நேரான பெயர்கள் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கே உவமை வேண்டும், எங்கே கூடாது என்று பிரித்துப் பார்ப்பது பெரியவர்களாகிய நம் பொறுப்பு.

கிண்டலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தட்டை உடைத்த பிள்ளையிடம் "ரொம்ப நல்ல வேலை பண்ணினே" என்றால் அவன் சந்தோசப்படுவான், மறுபடியும் உடைக்கலாம். வீட்டில் கோபத்தைக் கோபமாகவே, தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். வகுப்பிலோ இவனை வைத்து மற்ற பிள்ளைகள் பேசுவார்கள், அது கேலி என்று இவனுக்குத் தெரியாமலேயே கூடச் சேர்ந்து சிரிப்பான். அவனுக்குக் கிண்டலைக் கற்பிப்பது பல வருட வேலை. மற்ற முப்பது பிள்ளைகளுக்கு "இவன்கிட்ட நேரா பேசணும்" என்று கற்பிக்க ஒரு வாரம் போதும். அந்த ஒரு வாரத்தை ஆசிரியர்களிடம் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக நடைமுறை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் கற்றல் குறைபாடும் பேச்சு மொழிக் குறைபாடும் அதில் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அந்தச் சட்டம் தந்த உரிமை. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் உங்கள் பிள்ளைக்குத் தனிநபர் கல்வித் திட்டம் எழுதும்போது பக்கத்தில் உட்காருங்கள். 'பேச்சு மேம்பட வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 'வடிவத்தில் ஒத்த இரண்டு பொருளைக் காட்டினால் எது ஒன்றாக இருக்கிறது, எது வேறாக இருக்கிறது என்று சொல்வான் அல்லது தொட்டுக் காட்டுவான்' என்று எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து நடந்ததா இல்லையா என்று உங்களாலேயே சோதிக்க முடிகிற வரி அது. நடந்திருந்தால் அடுத்த வரியில் வினையைச் சேர்க்கச் சொல்லுங்கள். நடக்காவிட்டால் பொருளை மாற்றுங்கள், ஊசி வேண்டாமென்றால் வளையலையும் பஸ் சக்கரத்தையும் வைத்து ஆரம்பியுங்கள்.

நான்கு கட்டம் போட்ட தாள்கள் வாசல் மேசையில் இருக்கின்றன, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பிள்ளை சொல்லி உங்களுக்குப் பொருள் விளங்காத சொல் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள், சேர்ந்து யோசித்துப் பார்க்கலாம்.